சிவப்புக் கைக்குட்டை

அன்புள்ள அம்மாவுக்கு, கிளெட்டஸ் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? இங்கே மிசோரி மர ஆலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நேற்று வான்கோழி வேட்டையில் அப்பாவின் பழைய துப்பாக்கியைக் கூட்டாளி ஹார்லனிடம் கொடுத்துவிட்டு, புதருக்குள் உட்கார்ந்து சேவலை வரவழைக்கப் பெட்டை வான்கோழிபோல் குரல் கொடுத்தேன். மூக்கு ஒழுகியதால் நீங்கள் தந்த சிவப்புக் கைக்குட்டையை எடுத்தேன். சேவலின் சிவந்த தலையென்று நினைத்து ஹார்லன் சுட்டுவிட்டான்.

"டேய் கிளெட்டஸ், உயிரோட இருக்கியாடா?" என்று அலறினான்.

"மரம்தான் செத்துப்போச்சு!" என்றேன்.

அப்பாவின் துப்பாக்கிக்குக் குழல்வாய் குறுகல். ஈய ரவை சிதறாமல் கொத்தாகக் காதோரம் போய் மரத்தில் பாய்ந்தது. சிதறியிருந்தால் ஹார்லன்தான் உங்களுக்கு எழுதியிருப்பான்.

எழுத்து கோணியிருப்பது பேனாவின் கோளாறு. பச்சைக் கைக்குட்டை ஒன்று அனுப்புங்கள். ஆலைச் சங்கு ஊதிவிட்டது. துப்பாக்கிக் குழலின் நுனியை அறுத்து வாயை அகலமாக்கச் சொன்னாரே அப்பா, அவரிடம் நான் அறுக்கவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். காரணம் வேண்டாம்.