சூரன் நிலத்தில் விழக்கூடாது

அன்பு மகன் ரூபனுக்கு,

அப்பா எழுதுவது. சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய். சுகமில்லை என்று எழுதினால் அம்மா ஏசுவா. இரண்டுக்கும் நடுவில், தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கிறேன். வெட்டு இடது தோளில். எழுதுகிற கைக்குக் குறைவில்லை. இதை உன் தங்கச்சி சாருஜா படம் பிடித்து உடனே அனுப்புவாள். போனில் என்றால் நீ இடையில் புகுந்து கதைப்பாய். கடிதத்தோடு அது நடக்காது.

நீ வெளிநாட்டில் படம் எடுக்கப் படிக்கிறாய் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். உன் படத்துக்கென்று சூரன் கதையைக் கேட்டாய். சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்பா, கதை பிழை. கெட்டவன் ஒண்டில் சாகவேணும், இல்லாட்டித் திருந்தவேணும். உங்கடை சூரன் ரெண்டும் செய்யேல்லை, சனம் ஏத்துக்கொள்ளாது" என்றாய். கணக்கில் இரண்டு தரம் கோட்டைவிட்டுப் பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். சரி தம்பி என்று போனை வைத்துவிட்டேன். இப்போது படுத்துக்கிடந்து யோசிக்க நேரம் கிடைத்திருக்கிறது.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். சூரன் போரன்று வழக்கம்போல நான் கோயிலில் மரச் சூரனைத் தோளில் காவப் போனேன். இத்தனை வருடமாக அசுரன் பக்கம் நின்றும் எனக்கு ஒரு நாட்டையும் யாரும் ஆளத் தரவில்லை. முன் தடிக்கு ஒரு ஆள் குறைந்தது. அந்த இடத்தில் வந்து தோளைக் கொடுத்தவன் கஜீபன். ஓம், அவன்தான். சந்தியில் வைத்து உன் வலக்கையில் இரண்டு விரலை வாளால் எடுத்தவன். தண்டனை முடிந்து மறியலில் இருந்து வெளியே வந்து ஒரு மாதமும் இல்லை. இரண்டு பேர் தடியை விட்டு விலகினார்கள். ஆழ்வாப்பிள்ளை அண்ணை, "உவனோடை சேர்ந்து தூக்கிறதிலும் பாக்க நான் பாடையைத் தூக்குவன்" என்று சால்வையை உதறிக்கொண்டு போனார். நான் போகவில்லை. கூப்பிடவும் இல்லை. அவன் பிடரி எனக்கு முன்னால் ஒரு முழத்தில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நான் நினைத்ததை இங்கே எழுதமாட்டேன், சாருஜா வாசிப்பாள்.

சூரனுக்கு மாட்டிய ஆனைத்தலை போனது. சிங்கத்தலை போனது. மாவிலைக் கொப்பைக் கட்டிச் சூரனை மரமாக்கி ஓடிவரும்போது, முகத்தில் துவாய் கட்டிய ஒருவன் சனத்துக்குள்ளிருந்து பாய்ந்தான். முதல் வெட்டு கஜீபனின் முழங்கைக்குக் கீழே. எலும்பு வெள்ளையாகத் தெரிந்ததை நான் கண்டேன். அவன் முழங்காலில் விழுந்தான், சூரன் முன்பக்கம் சரிந்தது. வேல் படுவதற்கு முதல் சூரன் நிலத்தில் விழக்கூடாது, அது உனக்கும் தெரியும். குனிந்து அவன் இடத்தில் என் தோளை வைத்தேன். அவனைக் காப்பாற்றினேன் என்று இப்போது ஊர் கதைக்கிறது. நான் காப்பாற்றியது சூரனை. அவன் கழுத்துக்கு வந்த இரண்டாவது வெட்டுக்கு என் தோள்தான் இடையில் இருந்தது.

வெட்டினவனின் துவாய் அவிழ்ந்தது. என் முகத்தைக் கண்டதும் வாளைப் போட்டுவிட்டு, "ஐயோ, ரூபன் அண்ணையின்ரை அப்பாவடா! அண்ணைக்கு இனி என்னெண்டு சொல்லுறது?" என்று குழறிக்கொண்டு ஓடினான். பொலிஸ் வந்து கேட்டபோது எனக்குக் காது மந்தம் என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கும் அதைத்தான் சொன்னேன். அவ நம்பவில்லை.

கஜீபன் மற்றக் கையால் தடியைப் பிடித்து எழும்பினான். "ஐயா, விட்டிடாதேங்கோ" என்றான். இரண்டு பேரின் இரத்தமும் தடி வழியே ஒன்றாக ஒழுகியது. தள்ளி நின்ற சனம் அதைச் சிவப்புச் சாயம் என்று நினைத்து அரோகரா போட்டது. வேல் பட்டு, கொப்பு பிளந்து, சேவலும் மயிலும் வந்த பிறகுதான் இறக்கினோம். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது.

இப்போது அவன் அடுத்த கட்டிலில். அவன் தாய் உதயகலா இரண்டு பேருக்கும் இடியப்பமும் சொதியும் கொண்டுவருகிறா. நான் சாப்பிடுகிறேன், பசிக்கு ரோசம் தெரியாது. அம்மா அவவோடு ஒரு சொல் கதைக்கவில்லை. ஆனால் கழுவின சாப்பாட்டுக் கரியரைத் திருப்பிக் கொடுக்கும்போது உள்ளே முருங்கைக்காய்க் கறி இருந்ததைக் கண்டேன்.

அவன் திருந்திவிட்டான் என்று நான் சொல்லவரவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. ஆனால் கோயில் புராணப் படிப்பில் கேட்டதை நினைத்துப் பார்க்கிறேன். சூரன் நடுவிலேயே ஒருமுறை திருந்துகிறான், முருகனைக் கண்டு கைகூப்புகிறான். உன் முறைப்படி கதை அங்கே முடியவேண்டும். முடியவில்லை. புத்தி மாறித் திரும்பவும் வெட்ட வருகிறான். பிளந்த பிறகும் இரண்டு துண்டும் சேவலும் மயிலுமாகிக் கொத்தவும் கிழிக்கவும்தான் பறந்து வருகின்றன. அந்த ஆவேசத்தோடு வந்தவற்றில்தான் முருகன் ஒன்றைக் கொடியாக்கி, மற்றதில் ஏறி இருந்தான். கொல்லவும் இல்லை, திருந்து என்று காத்திருக்கவும் இல்லை. இப்படி ஒரு முடிவைக் கதை எழுதத் தெரிந்த எவனும் எழுதமாட்டான். அதுதான் இவ்வளவு காலமாக நிற்கிறதோ என்னவோ. நீ படித்தவன், பிழையென்றால் சொல்லு.

நாளைக் காலை கஜீபனுக்கு டிஸ்சார்ஜ் துண்டு வெட்டி வீட்டுக்கு விடுகிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு மோட்டார் சைக்கிள் நேற்றிலிருந்து நிற்கிறது. நான் யன்னலால் எட்டிப் பார்த்தபோது பொடியள் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் போய்ச் சொன்னால் கேட்கமாட்டார்கள். யார் சொன்னால் கேட்பார்கள் என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். உன் விரல்களை நினைத்து நான் அழாத நாள் இல்லை மகனே. ஆனாலும் விடிய முதல் அவர்களுக்குப் போனில் ஒரு கோல் எடு.

என் தோள் இனிப் பாரம் தாங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அடுத்த வருடம் சூரனின் முன் தடிக்கு ஒரு தோள் தேவை. மற்றத் தோள் யாருடையது என்று உனக்குத் தெரியும். வரமுடிந்தால் வா.

முருகன் உன்னையும், நீ அனுப்பின பிள்ளைகளையும் காக்கட்டும்.

உன் அப்பா,
பரமலிங்கம்