பேரவை வாசிக்காத ஏழாம் ஏடு

திரு நிலைபெறுக. முத்துறையின் மூன்று வாயிலிலும் கலங்கள் தடையின்றி வந்துபோகுக. உழுத நிலம் விளைக. கற்றவர் நாவில் மெய் தங்குக. மூன்று துறைக்கும் உரிமை பூண்ட முத்துறை நாட்டு அரசி, எம்பிராட்டி அமரநங்கைத் தேவியார் திருவாய் மலர்ந்தருளிய சொற்படி, அவர் திருமுன் நின்று ஓலை எழுதும் மாறாடன் கண்டன், கணிமேட்டில் எண்ணூல் ஆயும் பேரவையின் தலைவர் விடங்கக் கணியாருக்கும் அவருடன் அமரும் பதினொருவருக்கும் விடுக்கும் ஓலை. கணிமேட்டின் நலம் கேட்டு எழுதுவது வழக்கம். இம்முறை கேட்க வேண்டாம் என்பது தேவியார் கட்டளை, ஆகையால் கேட்கவில்லை.

கீழைத்துறைக் கலங்கரை விளக்குக்கு எண்ணெய் வார்க்கும் குறுங்கோதை என்பவர், கண்கட்டு வித்தையை எண்ணூல் என்று காட்டி ஊரை ஏய்த்தார் என்று நீவிர் தீர்ப்பளித்தீர். பௌர்ணமிக்கு மறுநாள் புறப்படும் தென்தீவுக் கலத்தில் அவரை ஏற்றி நாடு கடத்தவும், அவர் எழுதிய சுவடியை எரிக்கவும் எழுதி அனுப்பினீர். எரிக்குமுன் ஓலைப் பண்டாரத்தில் பதியும் பொருட்டுச் சுவடி அரண்மனைக்கு வந்தபோது தேவியார் அதைக் கையில் வாங்கினார். கட்டிய நூல் கட்டியபடியே இருந்தது. முடிச்சின் மேல் குறுங்கோதை வைத்த அரக்கில் ஒரு கீறல்கூட இல்லை. பன்னிரு கணியர் பதினேழு நாள் விசாரித்த வழக்கில், வழக்குக்கே காரணமான சுவடியை ஒருவரும் அவிழ்த்துப் பார்க்கவில்லை! தேவியார் முகம் சிவந்தது; நின்ற இடத்திலேயே அரக்கை உடைத்து வாசிக்கலானார்.

குறுங்கோதை எந்த ஆசிரியரிடமும் ஓதியவர் அல்லர். எந்த மடத்திலும் பெயர் பதித்தவர் அல்லர். எண்ணையும் ஒளியையும் பற்றி யோசிக்காமல் அவருக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான். துறை உறங்கும் உச்சிப் பொழுதில், சுண்ணாம்புக் கிடங்கின் கதவுகளை அடைத்து இருட்டாக்கிக்கொண்டு, மரக்கலத் தச்சர் சாத்தந்தையும் உப்பளத்தார் நால்வரும் அவருமாகப் பதினோர் ஆண்டுகளாகக் கூடி வந்தார்கள். கூரையில் ஊசித்துளை இட்டு, வரும் வெயிலைப் புகைபிடித்த கண்ணாடிகள் பலவற்றால் வடிகட்டி, ஒளியை ஒரு துகள், பிறகு ஒரு துகள் என்று சொட்டவிடக் கற்றார்கள். செப்புத் தகட்டில் மயிர் அகலத்தில் இரண்டு வாசல். அதற்கப்பால், துகள் பட்ட இடம் கரும்புள்ளியாகும் பசை பூசிய பலகை. ஒன்றொன்றாக விழும் புள்ளிகள் மாலைக்குள் வரிவரியாகக் கூடிவிடும். வரிக்கு இடையே உள்ள இடத்தில் ஏறக்குறைய ஒன்றுமே விழாது.

இதைக் கண்டு தச்சர் கேட்டதை, துறைப் பேச்சு மாறாமல் எழுதச் சொன்னார் தேவியார்: “ஒண்ணு ஒண்ணாத்தானே வருது, அப்புறம் எதோட மோதிக்கிட்டு இப்படி வரி வரியா விழுது?” பேரவையில் யாருக்காவது இப்படி ஒரு கேள்வி தோன்றியதுண்டா? அந்த ஒரு கேள்விக்காக அவர்கள் மூன்று மாதம் சண்டை போட்டிருக்கிறார்கள். தச்சர் இருமுறை கோபித்துக்கொண்டு எழுந்து போய், இருமுறையும் மறுநாளே வந்திருக்கிறார். முடிவில் குறுங்கோதை ஒரு கணக்கு கண்டார். துகள் செல்லக்கூடிய வழி ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்பு வரைய வேண்டும். வழி நீள நீள அம்பு சுழலும். இரண்டு அம்புகளையும் தலையும் வாலும் பொருத்திக் கூட்டி, வந்த நீளத்தைத் தன்னாலேயே பெருக்கினால், அவ்விடத்தில் எத்தனை புள்ளி விழும் என்பது தெரிந்துவிடும். அம்புகள் எதிரெதிராக நின்றால் ஒன்றையொன்று அழித்துவிடும். அங்கே புள்ளி இல்லை.

இதை ஆராயச் சென்ற நீவிர் செய்தது என்ன? சான்றாளர் நில்லாத வாசல் வழியே வந்த எதையும் ஏற்பதில்லை என்பது கள்ளச் சரக்கைப் பிடிக்க ஏற்பட்ட சுங்க வழக்கம். அதை ஒளிக்கும் பொருத்தினீர். துகள் கடந்தால் மினுங்கும் பளிங்குச் சில்லுகளை அவர் பெட்டியிலிருந்தே எடுத்து, வாசலுக்கு ஒன்றாக வைத்து, அறுவர் அறுவராகப் பிரிந்து காவல் காத்தீர். அப்படிப் பார்த்தால் வரிகள் வாரா என்று அவர் மன்றாடியதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வரிகள் வரவில்லை, பலகையில் வெறும் கறைதான் வந்தது. பார்த்தால் மறைவது பொய் என்று விடங்கக் கணியார் வாய் கூசாமல் அறிவித்தார், மற்றவர் தலையாட்டினீர்.

சுவடியின் ஏழாம் ஏட்டில் அவர் எழுதியிருப்பதைக் கேளும். எந்த வாசலில் நுழைந்தது என்று அறியும்படி சில்லு வைத்தால், வரிகள் மறையும். சில்லை எடுத்தால், மீளும். வழி தெரிந்துவிட்டால் அம்புகளைக் கூட்டலாகாது, தனித்தனியே பெருக்கியபின்தான் கூட்ட வேண்டும். நீவிர் காவல் நின்று கண்டது அவருடைய தோல்வி அன்று. அவர் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்ததை, எழுதியபடியே மெய்ப்பித்துக் கொடுத்துவிட்டு, அதற்காகவே அவரைத் தண்டித்தீர். இதைவிட வெட்கக்கேடு இந்நாட்டில் நடந்ததாக ஓலைப் பண்டாரத்தில் இல்லை. தேவியார் தேடச் சொன்னார், தேடிவிட்டோம்.

தேவியார் நெல்லறையை இருட்டாக்கச் செய்து, குறுங்கோதையின் தகடும் பலகையும் சில்லும் வருவித்து, ஐந்து நாள் தாமே அமர்ந்து சோதித்தார். சில்லை வைத்ததும் எடுத்ததும் இந்த ஓலைக்காரன். வைத்தபோதெல்லாம் வரிகள் போயின; எடுத்தபோதெல்லாம் வந்தன. ஏன் அப்படி என்று தமக்கு விளங்கவில்லை என்பதைத் தேவியார் ஒளிக்கவில்லை. விளங்காததை ஏமாற்று என்று சொல்ல உமக்கு மட்டும் எப்படி மனம் வந்தது என்றுதான் கேட்கிறார்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதச் சொன்னார். நாடு கடத்தும் தீர்ப்புக்கு இலச்சினை இட்டவர் தேவியார். கணிமேட்டின் பெயரைக் கண்டதும், கண்ணை மூடிக்கொண்டு இட்டார். உம்மீதுள்ள சினத்தில் பாதி தம்மீதும் உண்டு என்றும், அதனால் உம் பங்கு ஓர் இம்மியும் குறையாது என்றும் அருளினார்.

தீர்ப்பை நீக்கி, குறுங்கோதையை மன்னித்து அழைத்துவரத் துறைக்கு அதிகாரியை அனுப்பினார். தம் துணி மூட்டையோடு கலத்தில் ஏறி அமர்ந்திருந்த குறுங்கோதை இறங்க மறுத்துவிட்டார். அதிகாரி கொண்டுவந்த மறுமொழி இது: “தப்பு பண்ணினவங்களுக்குத்தானே மன்னிப்பு? நான் ஏன் வாங்கிக்கணும்? அந்தப் பன்னெண்டு பேரும் படிச்சாங்களான்னு கேட்டுட்டு வாங்க அய்யா. படிக்கலைன்னா, இந்த ஊர்ல நான் யார்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கிறது?” இதைக் கேட்டதும் தேவியார் ஓலை எழுதச் சொன்னார். இந்த ஓலைக்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான், எழுதுவதில் வெட்கமில்லை.

கலத்தை நிறுத்த அரசிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் பலவந்தமாக ஏற்றியவரைப் பலவந்தமாக இறக்குவது தமக்கு அழகன்று என்கிறார். ஆகையால் கலம் குறித்த நாளில் பாய் விரிக்கும். அதில் குறுங்கோதை போவதும் இருப்பதும் உம் கையில் உள்ளது. அவர் போய்விட்டால், கணிமேட்டுக் கதவும் அன்றே அடைக்கப்படும். இனி ஒரு தீர்ப்பும் அங்கிருந்து வரலாகாது.

இவ்வோலை கண்ட நாழிகையே பன்னிருவரும் பல்லக்கு இன்றிப் புறப்பட்டுக் கீழைத்துறை சேர்க. தேவியார் அதிகாரி வழியே திருப்பி அனுப்பிய சுவடி கலத்தில் அவர் கையில் இருக்கிறது. மேல்தளத்தில் அமர்ந்து, முதல் ஏட்டிலிருந்து உரக்க வாசிக்க. ஐயம் எழுந்த இடத்தில் நிறுத்திக் கேட்க. தச்சரும் உடன் இருப்பார், அவரையும் கேட்க.

முத்துறை இலச்சினை பொறித்து, தேவியார் கையெழுத்துப் பெற்று, வளர்பிறைப் பத்தாம் நாள் விடுத்தது. கடைசியாக ஒரு கட்டளை. அங்கே போய் அவரைப் புகழ்ந்து தப்பித்துக்கொள்ள வேண்டாம். பிழை கண்டால் எந்த ஏட்டில், எந்த அம்பில் என்று காட்டிச் சண்டை போடுக. ‘இது தவறு, ஏனென்றால்’ என்று தொடங்கி ஒரு சொல் சொல்ல, நூல் கற்ற ஒருவரும் பதினோர் ஆண்டுகளில் அவரிடம் வந்ததில்லை.