நாற்பத்தேழாம் முத்திரை

மார்ச் 3

அன்புள்ள கொசு,

நாலு வருஷமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது நலம் விசாரிக்கிறாளே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. விடுதியில் வார்டனின் ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டுத் திருப்பி மாட்டத் தெரியாமல் விழித்தோமே, கிட்டத்தட்ட அதே வேலைதான் எனக்கு இன்னமும். ராணுவ வண்டிகளுக்குக் கிளர்ச்சிக்காரர்கள் வைக்கும் குண்டுகளின் சிதறல்களைச் சலித்து, எந்தத் துண்டு எந்த நாட்டில் செய்தது என்று பார்க்கிறேன்.

நேற்று, தூரத்திலிருந்து வரும் ரேடியோ சைகையை வாங்கிக் குண்டை வெடிக்க வைக்கும் ரிசீவர் ஒன்று கிடைத்தது. உன் கம்பெனி தயாரிப்பு. ஓரத்தில் 47 என்று சோதனை முத்திரை. அங்கே சோதனைப் பிரிவில் சேர்ந்த புதிதில், அது உன் எண் என்று பெருமையாக எழுதியிருந்தாய். யாருக்கு விற்றார்கள் என்று கேட்டுச் சொல்வாயா?

உன் பூனை

மார்ச் 19

பூனைக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்று பிரித்தேன். படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கார் வந்தால் கேட் திறக்கிற கருவிக்கான பாகம் அது.

மேலாளரிடம் கேட்டேன். “வித்த பிறகு அது நம்ம பொருள் இல்லம்மா, வேலையப் பாருங்க” என்றார். விற்பனைப் பதிவேட்டைத் தொட்டால் வேலையும் விசாவும் போகும். மகள் பள்ளி முடிக்க ஒரு வருஷம் இருக்கிறது.

இதற்காகத்தான் என் ஞாபகம் வந்ததா?

கொசு

ஏப்ரல் 2

அன்புள்ள கொசு,

ஆமாம், இதற்காகத்தான். ஆனால் பேனாவை எடுத்ததும், ஒரே போர்வைக்குள் பரீட்சைக்குப் படித்துவிட்டு இரண்டு பேரும் தூங்கிப்போன நாளெல்லாம் வந்துவிட்டது.

அந்த ரிசீவர் வைத்த குண்டில் சிக்கிய வண்டியை ஓட்டியவரை மருத்துவமனையில் பார்த்தேன். இரண்டு காலும் இல்லை. “கண்டுபிடிச்சிட்டீங்களாக்கா?” என்றார். “பாதிதான்” என்றேன்.

உன்னை வற்புறுத்தவில்லை.

பூனை

ஏப்ரல் 21

அன்புள்ள பூனை,

மதிய இடைவேளையில் பதிவேட்டைப் பார்த்துக் கையால் எழுதிக்கொண்டேன். ஒரே வியாபாரி மொத்தமாக வாங்கியிருக்கிறான். அவன் முகவரியும், அந்த ரிசீவர்கள் இயங்கும் அலைவரிசையும் உள்ளே இருக்கின்றன.

இங்கே என்மேல் சந்தேகப்படுகிறார்கள். குடியிருப்புக்கு வரும் தபாலையும் பிரிக்கிறார்கள். இனி எழுதாதே. கோபத்தில் சொல்லவில்லை.

கொசு

ஜூன் 8

அன்புள்ள கொசு,

இதைத் தபாலில் போடமாட்டேன்.

வியாபாரி பிடிபட்டான். நீ தந்த அலைவரிசையை மறிக்கும் கருவியை வண்டிகளில் பொருத்தினோம். இன்று பாலத்தடியில் அதே மாதிரிக் குண்டு இருந்தது. வண்டி தாண்டிப் போனது. வெடிக்கவில்லை.

வண்டியில் இருந்த பதினோரு பேரும் இறங்கி நிழலில் டீ குடித்தார்கள். ஒருவர் எனக்கும் ஒரு டம்ளர் நீட்டி, “இந்த விவரமெல்லாம் யாரு அக்கா கொடுத்தது?” என்றார்.

“என் சிநேகிதி.”

“பேரு?”

சொல்ல வாயெடுத்துவிட்டேன். பிறகு, டீ நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

உன் பூனை