ஊரை விட்டுப் போகாதவர் தேவை

பிப்ரவரி 3

இன்றும் பத்திரிகை ஆசிரியர் என் கடிதத்தைப் போடவில்லை. வழக்கம்போல.

மூன்றாம் பக்கச் செய்தி: ஒரு பணக்கார நாட்டில் பன்னிரண்டாயிரம் ஓட்டுநர்கள் பற்றாக்குறையாம். பஸ்கள் ஷெட்டில் சும்மா நிற்கின்றனவாம். இன்னொரு நாட்டில் எழுபது வயதுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்து வேலை கொடுக்கிறார்களாம். இங்கே என்னை ஐம்பத்தெட்டில் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். ஃபிட்டர் வேலைக்கு இளரத்தம் வேண்டுமாம். அந்தக் கடிகாரமும் ஓடவில்லை. நான்தான் பிரித்துச் சரிசெய்தேன்.

என் மகள் கனரக வாகன உரிமம் வாங்கி வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். இங்கே ஒரு ஓட்டுநர் வேலைக்கு இருநூறு பேர் வரிசை. அங்கே ஆள் இல்லாத பஸ், இங்கே பஸ் இல்லாத ஆள். உலகத்தை நிர்வாகம் செய்கிறவன் யார்? அவனுக்கும் ஐம்பத்தெட்டு ஆகி, கடிகாரம் கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

பிப்ரவரி 4

ஆசிரியருக்குக் கடிதம். அந்தப் பஸ்களை இங்கே அனுப்பிவிடலாம் என்ற யோசனையுடன்.

பிப்ரவரி 9

சாப்பிடும்போது மகள் சொன்னாள்: "அப்பா, அந்த வெளிநாட்டு பஸ் வேலைக்கு ஏஜென்சில பதிஞ்சுட்டேன்."

"யாரைக் கேட்டு?"

"உங்களைக் கேட்டா என்ன சொல்லுவீங்கன்னு தெரியும். அதான் கேக்கல."

மனைவி இடையில் புகுந்தாள்: "நீங்கதானே தினமும் சத்தமா படிச்சீங்க, அந்த நாட்டுல ஆள் இல்ல, இந்த நாட்டுல ஆள் இல்லன்னு. புள்ளைக்குக் காது இல்லையா?"

நான் படித்தது குறை சொல்ல. விளம்பரம் செய்ய அல்ல.

பிப்ரவரி 10

அவளுடைய பதிவுச் சீட்டிலிருந்து ஏஜென்சியின் முகவரியைக் குறித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 12

ஏஜென்சிக்கு நேரில் போனேன். மாடியில் நீள அறை. வந்தவர்கள் உட்கார நாற்காலி போதவில்லை. நான்கு மேசைகளில் மூன்று காலி. நான்காவதில் மேலாளர் பையன், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருந்தான்.

"உங்க ஆளுங்க எல்லாம் எங்கப்பா?"

"போயிட்டாங்க சார்."

"சாப்பிடவா?"

"வெளிநாட்டுக்கு."

இங்கே வேலைக்குச் சேர்கிறவன் எந்த நாட்டில் எது காலி என்று தெரிந்துகொள்கிறானாம். பிறகு தன் விண்ணப்பத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துவிடுகிறானாம். டீ வாங்கி வருகிறவர்கூடப் போய்விட்டார். எங்கேயோ சமையற்காரர் பற்றாக்குறை.

எனக்கென்ன, நான் வந்த காரியம் வேறு. மேசையைத் தட்டினேன். "என் பொண்ணு பேரை எடுத்துடு! உலகமே கூப்பிட்டாலும் இந்த ஊரை விட்டு ஓரடி நகராத ஆளு நான். என் வீட்ல ஆள் பிடிக்கிறியா?"

கண்ணாடி நெற்றியிலிருந்து இறங்கியது. "சார், அந்த நடுவுல சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

பிப்ரவரி 13

எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

உள்ளே இருந்து தடுப்பது சுலபம் என்பதால்தான் ஒப்புக்கொண்டேன். மனைவி நம்பவில்லை. "அதுக்கு எதுக்கு சட்டைக்கு இஸ்திரி?" என்கிறாள்.

பிப்ரவரி 20

மாதிரி நேர்காணல் என் பொறுப்பு. நான் அந்நிய நாட்டு அதிகாரியாக உட்கார்ந்து ஆங்கிலத்தில் கேள்வி கேட்க வேண்டும். நான் சரி என்றால்தான் அசல் நேர்காணலுக்கு அனுப்புவார்கள். ஆங்கிலம் நான் அகராதி வைத்துத் தனியாகக் கற்றது. உச்சரிப்பு என் சொந்தத் தயாரிப்பு. "உங்க இங்கிலீஷ் புரிஞ்சவங்களுக்கு உலகத்துல எதுவும் புரியும் சார்" என்கிறான் கண்ணாடிக்காரன். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

என்னிடம் தேறியவர் யாரும் அங்கே தோற்பதில்லை. என்னிடம் தேறுவது அவ்வளவு கஷ்டம்.

மார்ச் 6

இன்று மகளின் முறை. வேறு யாராவது கேட்கட்டும் என்றேன். "வேற யாரு சார் இருக்கா?" என்றான் கண்ணாடிக்காரன். உண்மைதான்.

எதிரே உட்கார்ந்து, "வணக்கம் சார்" என்றாள். சாராம்!

எங்கள் நாட்டுக்கு ஏன் வர விரும்புகிறீர்கள் என்று கேட்டேன். மற்றவர்கள் உங்கள் ஒழுங்கு, உங்கள் பண்பாடு என்று ஒப்பிப்பார்கள். இவள், "எனக்கு பஸ் ஓட்டத் தெரியும். நீங்க ஓட்ட விடுறீங்க" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்து, பட்டியலில் இல்லாத கேள்வி. குடும்பம் சம்மதித்ததா?

"அப்பா சம்மதிக்கல. வேலை இல்லாம வீட்ல உக்காந்திருக்கறது எப்படி இருக்கும்னு அவருக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் சம்மதிக்கல."

தேறவில்லை என்று எழுதினேன். காரணம்: பதில்களில் போதிய நீளம் இல்லை.

மார்ச் 7

மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் திட்டினால் தாங்குவேன். இது என்ன புதுப் பழக்கம்?

வீட்டில் கடிகாரச் சத்தம் மட்டும். அன்று என்னை அனுப்ப, இளரத்தம் வேண்டும் என்று எழுதியவனுக்கும் அந்த ஒரு வரிதான் வேலையாக இருந்திருக்கும். எழுதிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பான். நான் அவனைப் பதினான்கு வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன் — என் மகள் என்னை எத்தனை வருஷம் திட்டுவாள்? அதுவும் வெளியே சொல்லாமல்?

மார்ச் 9

மறு நேர்காணல் வைத்தேன். விட்டுக்கொடுத்ததாக யாரும் நினைக்க வேண்டாம். விதியில் இடம் இருக்கிறது. பனி உறைந்த சாலையில் பிரேக் பிடிப்பது, குடித்துவிட்டு ஏறும் பயணி, முன்கதவு சிக்கிக்கொண்டால் என்ன செய்வது — வேறு யாரிடமும் கேட்காததையெல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். கடைசிப் பதிலை வேண்டுமென்றே நீட்டிச் சொன்னாள், கழுதை.

தேறினாய் என்றேன்.

"தேங்க்ஸ் சார்." வாசல் வரை போய்த் திரும்பினாள். "சேர்ந்து வீட்டுக்குப் போலாமாப்பா?"

"ஆபீஸ் நேரம் முடியல" என்றேன். முடிந்திருந்தது.

மே 30

மூன்றாம் பக்கத்தில் மறுபடியும் அந்த நாட்டுச் செய்தி. உடனே ஆசிரியருக்கு எழுதினேன்:

'ஐயா, பன்னிரண்டாயிரம் ஓட்டுநர்கள் பற்றாக்குறை என்று பிப்ரவரியில் போட்ட அதே எண்ணை இன்றும் போட்டிருக்கிறீர்கள். தவறு. செவ்வாய்க்கிழமையிலிருந்து அதில் ஒன்று குறைவு. திருத்தம் வெளியிடவும்.'