அண்ணனின் செல்

ஜூலை 8, செவ்வாய்

சுடலை அண்ணனின் செல் உயிரோடு இருக்கிறது, பெருகுகிறது, தோலாக இருந்தது ஸ்டெம் செல்லாகிவிட்டது, என் அண்ணன், தாராவி தொண்ணூறு அடி ரோட்டு அண்ணன்!!!

காலையிலிருந்து மழை. மாட்டுங்காவில் இறங்கும்போதே செருப்புக்குள் தண்ணீர். கடையில், ஈரத்தில் ஜெராக்ஸ் மெஷின் பேப்பரைக் கடித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் தோலை வைத்து ஆராய்ச்சி செய்யும் லேப் மேடத்தின் போன். அவர் ஹிந்தியில் சொல்லச் சொல்ல, வீணான பேப்பர் ஒன்றில் குறித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் காலேஜ் பிள்ளைகள் காப்பி எடுக்கத் தந்த நோட்ஸைத் திருட்டுத்தனமாகப் படித்தது, வீடியோ வீடியோவாகப் பார்த்தது, எல்லாம் இந்த ஒரு போனுக்குத்தானோ.

மறக்காமல் இருக்க:
- அண்ணன் உடம்புக்கு, டிஎன்ஏ அறுந்தால் ஒட்டத் தெரியாது. பிறவியிலேயே.
- சாவதற்கு முன் கையில் எடுத்த துளித் தோல். அதைப் பின்னோக்கித் திருப்பியிருக்கிறார்கள். எதுவாகவும் மாறக்கூடிய செல், கருவில் இருப்பது மாதிரி.
- அவன் போட்ட கையெழுத்து முதல் ஆராய்ச்சிக்கு மட்டும். தொடர அம்மா சம்மதிக்க வேண்டும். சனிக்கிழமைக்குள். இல்லையென்றால் அழித்துவிடுவார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கத்தினேன். "எம்மா, அண்ணன் செல்லு இன்னும் உயிரோட இருக்காம்!"

அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து, சேலை மடிப்பிலிருந்து அண்ணனின் போனை எடுத்தாள்.

"இருக்கத்தானட்டி செய்யும். நீ வேலைக்குப் போனதும் நாந்தான தெனமும் சார்ஜ் போடுதேன்."

அண்ணன் போய் ஒன்றே கால் வருஷம். எனக்குத் தெரியவே தெரியாது.

ஜூலை 9, புதன்

விடாத மழை. மதியமே கடையை மூடிவிட்டார்கள். லேப் மேடம் வாட்ஸப்பில் படம் அனுப்பினார். நீல வட்டங்கள், உள்ளே பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் டிஎன்ஏ தானாக அறுந்த இடம். நல்ல செல்லில் மறுநாளே புள்ளிகள் மறைந்துவிடும். அண்ணனுடையதில் அப்படியே நிற்கின்றன. கண்ணை மூடினாலும் நிற்கின்றன.

வடாலா பெரியப்பா வந்தார். அண்ணன் மிச்சத்தை லேபிலிருந்து வாங்கிக் கடலில் விட்டுவிடச் சொன்னார்.

"மிச்சம்னு சொல்லாதிய அத்தான்," என்றாள் அம்மா. அவர் டீயைக் குடிக்காமலே போய்விட்டார்.

சாயங்காலம் நாலே கால். மேஜை மேல் அண்ணன் போன் தானாக அதிர்ந்தது. திரையில் 'மாத்திரை', அவன் வைத்த அலாரம். அம்மா அதை அணைக்கவில்லை. அதுவாக ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 10, வியாழன்

லீவு போட்டேன். படிவம் ஹிந்தி, மராத்தி, இங்கிலீஷ். தமிழ் இல்லை. அம்மாவுக்குத் தமிழ் மட்டும், அதுவும் விரல் வைத்து எழுத்துக்கூட்டி. நானே தமிழில் எழுதினேன், நாலு பக்கம்.

ஒரு வரியை விட்டுவிட்டேன். ஏழாவது. செல்லுக்குக் கதிர்வீச்சு கொடுத்து, டிஎன்ஏவை வேண்டுமென்றே உடைத்து, ஒட்டுகிறதா என்று பார்ப்பார்கள்.

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கரண்ட் வைப்பது. கழுத்துக் கட்டிக்கு அண்ணனுக்கு வைத்தார்கள். அப்போது இந்த நோய் யாருக்கும் தெரியாது. மற்றவர்களுக்குத் தோல் கறுக்கும். அவனுக்கு உரிந்து வந்தது. அம்மா அந்தச் சொல்லை அதற்குப் பிறகு உச்சரித்ததில்லை. வீட்டில் மின்சாரம் போனால்கூட "லைட் போயிட்டு" என்பாள்.

ஜூலை 11, வெள்ளி

அம்மா நாலு பக்கமும் படித்தாள். ஒன்றரை மணி நேரம். பேனா கேட்டாள்.

கொடுத்திருக்கலாம்.

பேப்பரை வாங்கி ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் எழுதினேன்: 'செல்லுக்குக் கரண்ட் வைப்பார்கள்.' அம்மாவின் விரல் அந்த வரியில் நின்றது. முகத்தைப் பார்க்க முடியவில்லை. பேனாவை அங்கேயே வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். திரும்பும்போதும் விரல் அங்கேயே.

"அதுக்கு வலிக்குமாட்டி?"

வலி தெரிய நரம்பு வேண்டும், மூளை வேண்டும், இது வெறும் செல் என்றேன். மேடம் சொன்ன இன்னொன்றையும் சொன்னேன்: கொஞ்சம் செல்லை மட்டும் பிரித்து, டிஎன்ஏவில் தப்பாக இருந்த ஒரே ஓர் எழுத்தைத் திருத்தியிருக்கிறார்கள். அது ஒட்டக் கற்றுக்கொண்டுவிட்டது. கரண்ட் வைத்தாலும் மறுநாள் புள்ளி இருக்காதாம்.

"அப்ப அது தாங்கிக்கிடும்."

"ஆமாம்மா."

"திருத்தாதது?"

நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"அதுதான அவன்," என்றாள். பேனாவை மூடி வைத்தாள்.

ஜூலை 12, சனி

மழை விட்டிருக்கிறது. படிவம் மேஜை மேல், அண்ணன் போனுக்குப் பக்கத்தில். இன்றும் லீவு போட்டேன்.

நாலே காலுக்கு போன் அதிர்ந்தது. அம்மா அதை எடுத்து, முதல் தடவையாக, அணைத்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே தமிழில் ஒரு வரி, கோணல் எழுத்தில்:

'கரண்ட் வைக்கும்போது ஆரையும் உள்ள விட மாட்டாவ. கதவப் பூட்டிருவாவ. அவன் கூப்பிட்டான், நான் வெளிய நின்னேன். இந்தத் தடவ அவன் கூட ஒரு ஆள் நிக்கணும்.'

இதை எப்படி ஹிந்தியில் மாற்றுவது? நாலு தடவை அடித்து அழித்தேன். கடைசியில் ஒரு சொல்லும் விடாமல் ஹிந்தியில் அப்படியே எழுதி, படிவத்தின் போட்டோவோடு மேடத்துக்கு அனுப்பிவிட்டேன்.

இரண்டு நீல டிக். டைப்பிங் என்று வருகிறது. நிற்கிறது. மறுபடி வருகிறது. அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறாள்.

பதில் சொல்லுங்க மேடம்.