பூசாமல் விட்ட சுவர்

அன்பு மகன் பாக்கிருக்கு உன் உம்மா எழுதுவது. அல்லாவின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம், என் இடது முழங்கால் ஒன்றைத் தவிர, அது ஒருநாள் சமாதானம் ஒருநாள் கோபம் என்று உன்னைப்போலவே நடந்துகொள்கிறது. நீயும் மருமகள் நூராவும் பேரன் யூனுஸும் அந்தப் பனியில் நோய்நொடி இல்லாமல் இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். யூனுஸுக்கு முன்பல் விழுந்த படத்தை நூரா அனுப்பியிருந்தாள், ஓட்டை வாயோடு சிரிக்கிறான் திருட்டுப்பயல், அப்படியே உன் வாப்பா. விழுந்த பல்லை நம் வழக்கப்படி சூரியனைப் பார்த்து வீசச் சொல், உங்கள் ஊரில் சூரியன் வருகிற வரைக்கும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்.

இதை ஏன் கடிதமாக எழுதுகிறேன் என்றால், போனில் நான் பாதி சொல்லும்போதே நீ யம்மா யம்மா என்று குறுக்கே விழுவாய், கடைசியாகப் பேசினபோது பாதியில் வைத்தும் விட்டாய், அதற்குப் பிறகு நூராதான் பேசுகிறாள், நீ வேலையில் இருப்பதாகச் சொல்கிறாள், பின்னால் நீ இருமுவது எனக்குக் கேட்கிறது. கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மிச்சம் அங்கேயே இருக்கும், கோபம் ஆறினதும் எடுத்துப் படி. ஹாஜ் ஹம்முவின் மகள் மொன்றியலுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன், பேரீச்சம்பழமும் இருக்கிறது, நல்ல தெக்லத் நூர், யூனுஸுக்காகக் கொட்டை எடுத்து வைத்திருக்கிறேன். இருமலுக்கு ஆட்டு நெய்யில் தேன் குழைத்துச் சாப்பிடு, மாத்திரை மாத்திரை என்று ஓடாதே.

உன் சித்தப்பா மகன் பஹ்மத் உனக்கு என்ன போட்டுக் கொடுத்தான் என்று எனக்குத் தெரியும். உன் உம்மா ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று வயசானவங்க வீட்டுல எனக்கும் ஒண்ணு குடுங்கன்னு கேட்டுட்டாங்க என்று சொல்லியிருப்பான். அது பொய்யில்லை, கேட்டேன். ஆனால் அவன் கடைசிப் பக்கத்தை மட்டும் உனக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். நீ போனில் என்னிடம் கேட்டாய், நான் என்ன செத்தா போயிட்டேன், ஊர் முன்னால என்னைக் கைவிட்டவன் ஆக்கிட்டியே யம்மா என்று. அந்த வார்த்தை ராத்திரியெல்லாம் என் காதிலேயே கிடந்தது. கோபப்பட்டு அழவில்லை, வெறுமனே அழுதேன். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

நம் பக்கத்து வீட்டு இஸ்ஸாவை மறந்திருக்க மாட்டாய், நீ சின்னப் பையனாக இருந்தபோது என் கைக் குஸ்குஸ் பிடிக்கவில்லை என்று அவள் வீட்டுக்குப் போய்த் தின்றுவிட்டு வருவாயே, அவள்தான். குளிர்காலம் தொடங்கினபோது மாடிப்படியில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பில் விரிசல் விழுந்து, எழுந்திருக்க முடியாமல், பொதுச் சுவரைச் செருப்பால் தட்டிக்கொண்டே கிடந்திருக்கிறாள். நான் சத்தம் கேட்டுப் போனால் கதவு உள்ளே பூட்டியிருக்கிறது, குரலும் வரவில்லை. என்ன செய்வேன், மொட்டைமாடிச் சுவரேறி அந்தப் பக்கம் குதித்தேன். ஆமாம், இந்த வயசில். படியில் வழுக்கிவிட்டேன் என்று உன்னிடம் சொன்னேனே முழங்கால், அது இந்த முழங்கால்தான். இஸ்ஸா வலியிலும் என்னைப் பார்த்து, அடியே ஸித்தி, ஒட்டகம் மாதிரி வந்து விழறியே, இப்ப யாரை யார் தூக்குறது என்றாள். இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தோம், அப்புறம் தெருவில் போனவர்களைக் கூப்பிட்டுத் தூக்கினோம்.

ஒரான் நகரத்தில் கடை வைத்திருக்கிறார்களே அவள் மகன்கள் இரண்டு பேர், ஒருத்தனும் வரவில்லை. வரவில்லை என்று அவள் சொல்லவும் மாட்டாள். யாராவது கேட்டால், இப்பத்தான் போனாங்க, நீ கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பார்த்திருக்கலாம் என்று சொல்லுவாள். கேட்கிறவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். நம் ஊர் அப்படி, அடுத்தவர் மானத்தை மூடிப் போர்த்துவதில் குறை வைக்க மாட்டோம்.

இப்போது வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். குன்றுக்குக் கீழே தோப்புக்குப் போகிற வழியில் கல்லுமேடு இருக்கிறதே, அங்கே ஊர்ச் சங்கம் புதுக் குடியிருப்பு கட்டுவது உனக்குத் தெரியும். அரசாங்கம் ஒரு பங்கு, சங்கம் ஒரு பங்கு, குடிவருகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவது ஒரு பங்கு, மிச்சமெல்லாம் துவீஸா, ஊரே கூடிக் கூலி வாங்காமல் செய்கிற வேலை. வெள்ளிக்கிழமை வந்தால் பள்ளிக்கூட வாத்தியாரும் மருந்துக்கடைக்காரரும் ஒன்றாகக் கல் சுமக்கிறார்கள், கொத்தனார் இரண்டு பேரையும் ஒரே மாதிரி திட்டுகிறார். கல்யாணம் ஆன பிள்ளைகள் வாடகை கொடுக்க முடியாமல் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்பதற்காகத் தொடங்கினது. அதிலேயே படி ஏறாமல் நுழைகிற மாதிரி, வயசானவர்களுக்கென்று பன்னிரண்டு சின்ன வீடுகளும் என்று சங்கத் தலைவர் ஹாஜ் ஹம்மு அறிவித்தார். வேண்டியவர்கள் பெயர் கொடுங்கள் என்று பள்ளிவாசலில் சொல்லி மூன்று மாசம் ஆனது. ஒரு பெயர்கூட வரவில்லை.

எப்படி வரும்? பெயர் கொடுத்தால் எனக்கு ஆளில்லை என்று ஊர் முன்னால் ஒப்புக்கொண்ட மாதிரி அல்லவா. மேல்தெருவில் பாதி வீட்டில் தனிக்கிழவிகள்தான், சிலிண்டர் தீர்ந்தால் தெருவில் எந்த வாலிபன் போகிறான் என்று சன்னலில் காத்திருக்கிறவர்கள்தான், ஆனால் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. கடைசியாக ஜும்ஆவுக்குப் பிறகு கூட்டம் போட்டார்கள். ஆண்கள் கீழே, நாங்கள் மேல்தளத்தில் தடுப்புக்குப் பின்னால். ஹாஜ் ஹம்மு நல்ல மனுஷர், பேச ஆரம்பித்தால்தான் நிறுத்தத் தெரியாது. அல்ஹம்துலில்லா, பெத்தவங்களைக் கைவிட்ட பிள்ளை நம்ம ஊர்ல ஒருத்தன்கூட இல்ல, அதுக்குச் சாட்சிதான் ஒரு பேரும் வராதது என்றார். கீழே ஆண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதனால அந்த இடத்தைக் கார் நிறுத்துறதுக்கு விட்டுடலாம் என்றார்.

நான் இஸ்ஸாவைப் பார்த்தேன். ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு, அவளும் எல்லோரையும் போல ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள் பாக்கிர். எழுந்துவிட்டேன். இஸ்ஸா என் முக்காட்டைப் பிடித்து இழுக்கிறாள், உட்காருடி பைத்தியமே என்கிறாள். தடுப்பு வழியாகக் கீழே கேட்கிற மாதிரி சொன்னேன், ஹாஜ், என் பேரை எழுதிக்குங்க, பாக்கிரோட உம்மா ஸித்தி என்று. பெண்குரல் கீழே இறங்கினதே பெரிய விஷயம், அது சொன்னது அதைவிடப் பெரிய விஷயம். கீழேயிருந்து யாரோ, உங்களுக்கென்ன குறை, உங்க மகன் மாசம் தவறாம பணம் அனுப்புறானே என்றார். அனுப்புறான், அல்லா அவனுக்கு பரக்கத் குடுக்கட்டும், ஆனா சிலிண்டரை அவனா வந்து மாடிக்கு ஏத்துவான் என்று கேட்டேன். யாரோ சிரித்தார்கள், சிரிப்பு எழும்பினதும் பயம் கொஞ்சம் இறங்கிற்று.

அன்றைக்கு வேறு யாரும் எழவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க என் வீட்டுக் கதவு தட்டிக்கொண்டே இருந்தது. ஒருத்தி உப்பு கேட்டு வருவாள், ஒருத்தி சல்லடை கேட்டு வருவாள், எடுத்துக்கொண்டு போகும்போது வாசலில் நின்று, ஸித்தி, நீ சொல்றப்ப என் பேரையும் சேர்த்துச் சொல்லிடு, நான் கேட்டேன்னு சொல்லாதே என்பாள். பன்னிரண்டு வீடு போதாமல் இப்போது சீட்டுக் குலுக்கிப் போட வேண்டியதாயிற்று. ஹாஜ் ஹம்மு என்னைப் பார்த்தால் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்க்கிறார், பாவம்.

அதோடு விட்டார்களா, கட்டுகிறவர்கள் அந்தப் பன்னிரண்டையும் மரியாதைக்காக ஒரு மூலையில் வரிசையாக அடுக்கிவைத்திருந்தார்கள், அமைதியாக இருக்குமாம். அமைதி கபருக்குள்ளே கிடைக்கும், இப்ப எங்களுக்குச் சத்தம் வேணும் என்று பெண்கள் எல்லோரும் போய்ச் சொன்னோம். தரையில் சுண்ணாம்புக்கோடு போட்டிருந்த அறைகளுக்குள் நடந்து பார்த்தோம், இங்கே அடுப்பு, இங்கே நான் விழுந்தால் யாருக்குக் கேட்கும் என்று. அதனால் இப்போது சந்துக்கு ஒரு வீடு, இரண்டு பக்கமும் பிள்ளைகுட்டிக்காரர்கள். அடுப்படிச் சுவரில் பக்கத்து வீட்டுக்கு ஒரு சின்னத் திறப்பு, ஒரு கிண்ணம் போகிற அளவுக்கு. எனக்குக் கிடைத்த வீட்டுக்கு ஒரு பக்கம் இரட்டைப் பிள்ளைக்காரி, இப்போதே காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருக்கிறது. மறுபக்கம் இஸ்ஸா, சந்துக்கு ஒன்று என்ற கணக்கை எங்களுக்கு மட்டும் மாற்றிக் கேட்டு வாங்கினேன்.

பாக்கிர், இப்போது நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். என்னோட வந்து இரு என்று நீ கூப்பிடுவது மனசார என்று தெரியும். வந்து ஒரு குளிர்காலம் இருந்தேனே, யூனுஸ் பிறந்தபோது. நீங்கள் இரண்டு பேரும் என்னைத் தங்கமாகத்தான் பார்த்தீர்கள். ஆனால் நீங்கள் வேலைக்குப் போனதும் எதிர்க் கதவில் யார் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது, லிஃப்டில் பார்த்தால் எல்லோரும் விளக்கைப் பார்க்கிறார்கள். அங்கே நான் உன் வீட்டுக்கு வந்தவள். இங்கே வாசலில் நின்றால் நாலு பேர் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். எனக்கு அது வேண்டும்.

இன்னொன்று, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல உட்கார்ந்தேன். நீ என்னைக் கைவிட்டவனாக இருந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன் ராசா. இஸ்ஸா எப்படித் திறப்பாள்? அவள் திறந்தால் ஊர் உண்மையைப் பார்த்துவிடும். உன் பெயர் கெட்டியான பெயர், ஒரு உதை வாங்கினால் தாங்கும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் அதைத் தூக்கி அத்தனை பேர் முன்னால் வைத்தேன். உன்னைக் கேட்காமல் வைத்தது தப்பு என்றால் தப்புத்தான், திட்டு, ஆனால் போனை எடுத்துத் திட்டு. பெயர் கொடுத்த அத்தனை கிழவிகளும் உன் பெயரை மிதித்துத்தான் கூச்சத்தைத் தாண்டினார்கள், ஒவ்வொருத்தியும் உனக்கு துஆ செய்கிறாள்.

நீ பஹ்மதிடம், கூலிக்கு ஆள் வச்சு முடிங்க, செலவு என்னோடது என்று சொல்லி அனுப்பினாயாம். ஹாஜ் ஹம்மு முடியாது என்றுவிட்டார். ஒவ்வொரு வீட்டிலும் அந்த வீட்டு மனுஷர் கை ஒருதரமாவது பட வேண்டும், அதற்குப் பதில் பணம் வாங்குவதில்லை, சங்கத்தின் கட்டுப்பாடு அது. பஹ்மத்துக்கு என்ன தோன்றிற்றோ, மறுவெள்ளிக்கிழமை தானே வந்து எனக்காகக் கல் சுமந்தான், மூச்சு வாங்கிக்கொண்டு. போட்டுக் கொடுத்த வாய்க்கு இது தண்டனை என்று சொன்னேன், சிரித்தான். அவனோடு நீ சண்டை போடாதே.

வீடு முடிந்துவிட்டது. கூரை போட்டாயிற்று, கதவு மாட்டியாயிற்று, மூன்று சுவரும் சுண்ணாம்பு பூசி, காய்ந்த பேரீச்சங்குலைக் காம்பால் இழுத்து வரிவரியாக, நம் பழைய வீடு மாதிரியே இருக்கிறது. உள்ளறையில் ஒரு சுவரை மட்டும் பூச விடவில்லை. கொத்தனார் மூன்று தரம் கேட்டார், இருக்கட்டும் என்றேன். கல்லும் காரையுமாக நிற்கிறது. நான் அதன் எதிரில்தான் கட்டில் போடப்போகிறேன். அறுவடைக்கு முன்னால் ஒரு வாரம் லீவு கிடைத்தால் வா, யூனுஸையும் கூட்டிக்கொண்டு வா, பல் விழுந்த பயலுக்குச் சுண்ணாம்புக் குழம்பில் கை வைத்தால் பிடிக்கும். காம்புக்கட்டு இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

நூராவுக்கு என் முத்தம், தலைமுடி கொட்டுகிறது என்றாளே, மருதாணிப்பொடி பழத்தோடு வைத்திருக்கிறேன், எலுமிச்சை பிழியாமல் போடச் சொல். பனியில் காதை மூடிக்கொண்டு போ. யார் மேலும் கோபத்தோடு தூங்காதே, உன் வாப்பாவுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் அது. அல்லா உன் கைக்கு வலுவும் வீட்டுக்கு நிறைவும் தரட்டும், நீ போகிற வழியெல்லாம் நல்லவர்கள் எதிரில் வரட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. இஸ்ஸாவும் தன் வீட்டில் ஒரு சுவரைப் பூசாமல் விட்டிருக்கிறாள். பசங்க வர்றாங்க, வந்துக்கிட்டே இருக்காங்க என்று கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. நீ வரும்போது இரண்டு சுவருக்கும் சேர்த்து லீவு கேள், அவள் வீட்டுச் சுவரை முதலில் பூசு. யார் சொல்லி வந்தாய் என்று கேட்பாள். சின்ன வயசில் தின்ற குஸ்குஸுக்காக என்று சொல்லு.

உன் வரவுக்கு வாசலைப் பார்த்திருக்கும்
உம்மா ஸித்தி