கொசுறு இல்லாத சமன்பாடு

என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்து, எனக்கே தங்கச்சியாகிப் போன என் செல்விக்கு,

கல்லறைக்கு வந்து பேசலாம் என்றால் அங்கே எப்போதும் யாராவது பூ மாற்றிக்கொண்டு நிற்கிறார்கள். போன ஞாயிறு உன்னைத் திட்டி ஒரு வார்த்தை கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற பெரியவர், "தண்ணி வேணுமாம்மா?" என்று பாட்டிலை நீட்டினார். அதனால்தான் எழுதுகிறேன். எழுதியதை யார் படித்தாலும் எனக்குக் கவலையில்லை.

இப்போது மீன்பிடித் தடைக்காலம். பெரிய போட்டெல்லாம் காசிமேட்டில் கட்டிக் கிடக்கிறது. சின்னப் படகில் வருகிற கொஞ்சநஞ்ச மீனுக்கு அடிதடி. ராயபுரம் மார்க்கெட்டில் என் பக்கத்தில் இருக்கிற உன் மீன் பலகையை நான் யாருக்கும் விடவில்லை. ஒருத்தி வந்து கூடையை இறக்கிப் பார்த்தாள். நான் முறைத்த முறைப்பில் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஆனால் ஒருத்தியை மட்டும் என்னால் எழுப்ப முடியவில்லை. உன் மகள் ஏஞ்சல். பொங்கல் கழிந்ததிலிருந்து பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு உன் பலகையில் வந்து உட்கார்ந்தாள். ஒன்பதாவது படிக்கிற பிள்ளை, உன் கத்தியை எடுத்து உன்னைப் போலவே செதில் சுரண்டினாள். உனக்குத் தெரியக்கூடாது என்று இத்தனை மாதம் மனசுக்குள்கூட உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

எங்கிருந்து சொல்ல? நீதானேடி இந்தப் படிப்பை ஆரம்பித்தாய். பத்தாவது பாஸ் பண்ணினால் அங்கன்வாடி வேலைக்கு எழுதிப் போடலாம், கூடை சுமக்க வேண்டாம் என்று உனக்கு ஆசை. கோயில் ஹாலில் சாயங்காலம் நடக்கிற டியூஷனுக்குத் தனியாகப் போக வெட்கம். "நீயும் வாக்கா. ரெண்டு பேரா போனா எவளும் சிரிக்க மாட்டா" என்றாய். எனக்குப் படிப்பும் வேண்டாம், வேலையும் வேண்டாம். உனக்குத் துணையாகத்தான் வந்தேன். அதை நீயும் அறிவாய்.

அந்த முதல் சமன்பாடு ஞாபகம் இருக்கிறதா? மாத்தூரிலிருந்து வருகிற டீச்சர், வயசில் நம்மில் பாதி, கரும்பலகையில் எழுதிப் போட்டாள். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தால் தண்ணீர். இந்தப் பக்கம் ஆக்சிஜன் ரெண்டு இருக்கிறது, அந்தப் பக்கம் தண்ணீரில் ஒன்றுதான் இருக்கிறது, சமமாக்குங்கள் என்றாள். நீ விறுவிறுவென்று எழுந்து போய், தண்ணீருக்குப் பக்கத்தில் தனியாக ஒரு ஆக்சிஜனை எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தாய்.

"இது என்னக்கா தனியா நிக்குது?" என்றாள் டீச்சர்.

"கொசுறு" என்றாய். "ஒண்ணு கொறையுதில்ல? கொசுறு போடாம எந்த யாவாரம் டீச்சர் படிஞ்சிருக்குது?"

மார்க்கெட்டில் இருந்து வந்த அத்தனை பேரும் சிரித்தோம். நமக்கு அதில் தப்பே தெரியவில்லை. கூறு சின்னதாக இருக்கிறது என்று வாங்க வந்தவள் முகத்தைச் சுளித்தால், மேலே ஒரு மீனைப் போட்டு முடிக்கிறவர்கள்தானே நாம். டீச்சரும் சிரித்துவிட்டு, நம் வழிக்கே வந்தாள். "தண்ணின்னா அது ஒரு கூறு. கூறுக்குள்ள இருக்கிறதுல கை வைக்கக் கூடாது. தனியா எதையும் தூக்கிப் போடவும் கூடாது. எத்தனை கூறுன்னு மட்டும்தான் மாத்தலாம்."

நீ கொஞ்ச நேரம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு யோசித்தாய். பிறகு, "அப்போ தண்ணி ரெண்டு கூறு. இந்தப் பக்கம் ஹைட்ரஜனும் ரெண்டு கூறு. ஆக்சிஜன் ஒரு கூறு போதும். இப்ப சரியா இருக்குதா?" என்றாய். சரியாக இருந்தது. உன் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தை உன் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

எனக்கு மண்டையில் ஏறவே இல்லை. எண்ணை முன்னால் போடுவதற்குப் பதில், கீழே இருக்கிற குட்டி எண்ணை மாற்றிவிடுவேன். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் நீ சங்கராவையும் நெத்திலியையும் கூறு கட்டி வைத்துச் சொல்லிக் கொடுப்பாய். நான் மறுபடி தப்பு செய்தால் கையில் அடி விழும். "கூறைக் கலைக்காதக்கா. கலைச்சா அது தண்ணியே இல்ல, வேற இன்னாவோ ஆயிடும்."

அப்புறம் உனக்கு மஞ்சள்காமாலை. கீழாநெல்லி அரைத்துக் குடித்தால் இறங்கிவிடும் என்றாய். எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். தெருவெல்லாம் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டிக்கொண்டிருந்த சமயத்தில் உன்னை ஆட்டோவில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உன்னை வண்டியில் திரும்பக் கொண்டுவந்தபோது நம் வீட்டு வாசலில் ஸ்டார் எரிந்துகொண்டே இருந்தது. அதை அணைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

ஜனவரியில் ஒரே ஒரு நாள் டியூஷனுக்குப் போனேன். டீச்சர் பாவம், பழக்கத்தில் சொல்லிவிட்டாள்: "இந்தப் பக்கம் இருக்கிறது எல்லாமே அந்தப் பக்கம் இருந்தாகணும். எதுவும் காணாமப் போகாது." எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. அப்படியே எழுந்து வந்துவிட்டேன். எதுவும் காணாமல் போகாது என்றால் உன்னை நான் எந்தப் பக்கம் தேடுவது? நல்ல பிள்ளை, சும்மா பாடம்தான் நடத்தியது. ஆனாலும் கேட்கிறேன்.

ஏஞ்சலிடம் கெஞ்சினேன், மிரட்டினேன். உன் புருஷன் அந்தோணி ஹார்பரில் மூட்டை தூக்கிவிட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறான். கடைசியில் அவள்தான் வாயைத் திறந்தாள். "இஸ்கூலுக்குப் போயி இன்னா ஆவப்போவுது பெரீம்மா? அம்மா படிச்சுகினேதான இருந்துச்சு? நீயும்தான் பாதில வுட்டுட்ட. என்னை மட்டும் போ போன்ற."

"நான் பரீட்சை எழுதறேன். நீ போறியா?" என்றேன்.

"எயுதுனா பத்தாது. பாஸ் பண்ணு. அப்ப போறேன்."

அவ்வளவுதான். உனக்குத் துணையாக வந்தவள், உன் பிள்ளைக்காகப் படிக்க உட்கார்ந்தேன். தமிழும் சமூக அறிவியலும் எப்படியோ ஏறிவிட்டது. இந்தச் சமன்பாடுதான் உயிரை எடுத்தது. எதிரே மீனைக் கூறு கட்டி வைத்துப் பார்த்தேன். அடிப்பதற்கு ஒரு கை இல்லாமல் எனக்குத் தப்பு எது என்றே தெரியவில்லை. ஏஞ்சல் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒரு எழுத்து சொல்லித் தர மாட்டாள். உன்னைப் போலவே பிடிவாதம்.

பரீட்சையில் மீத்தேன் எரிகிற சமன்பாடு வந்தது. கார்பனை எண்ணினேன். ஹைட்ரஜன் நாலு இருக்கிறது, அப்படியானால் தண்ணீர் ரெண்டு கூறு. ஆக்சிஜன் மொத்தம் நாலு வேண்டும், அப்படியானால் இந்தப் பக்கம் அதுவும் ரெண்டு கூறு. திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்ததடி! சந்தோஷத்தில் உன்னிடம் காட்டப் பக்கத்தில் திரும்பிவிட்டேன். "அம்மா, அங்க என்ன பார்வை? உங்க பேப்பரைப் பாருங்க" என்று சார் அதட்டினார். பக்கத்து பெஞ்சில் யாரோ ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். அதற்கப்புறம் எந்தக் கேள்விக்கு என்ன எழுதினேன் என்று எனக்கு நினைவில்லை.

மே மாதம் ரிசல்ட் வந்தது. மற்ற எல்லாவற்றிலும் பாஸ், அறிவியலில் ஃபெயில். ஏஞ்சல்தான் போனில் பார்த்துச் சொன்னாள். நான் மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். தோற்றது பெரிதாகப் படவில்லை. உன் பிள்ளையின் பள்ளிக்கூடம் என் கையால் போயிற்றே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் உன் பலகையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் காபி குடிக்கும்போது கேட்டாள். "பெரீம்மா, இந்த வருசம் பத்தாவதுல எனக்கும் அதே சயின்ஸ் புக்குதான?"

"ஆமா."

"எங்க இஸ்கூல்ல சயின்ஸ் மிஸ்ஸு சூப்பரா நடத்தும். நான் போயி கேட்டுகினு வந்து உனுக்கு சொல்றேன். நீ ஒயுங்கா குந்திப் படிக்கணும், சொல்ட்டேன்."

பாஸ் பண்ணியிருந்தால் பள்ளிக்கூடம் போயிருப்பாளோ என்னவோ, தெரியாது. நான் தோற்றுப்போனதைப் பார்த்துத்தான் அந்தப் பிள்ளைக்கு மனசு இளகியது.

யூனிஃபார்ம் அவளுக்குக் குட்டையாகிவிட்டது, செல்வி. இந்த அஞ்சாறு மாதத்தில் வளர்ந்துவிட்டாள். நீ இருந்திருந்தால் முன்னாலேயே கவனித்திருப்பாய். மடிப்பைப் பிரித்துத் தைத்துப் போட்டு, பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். புதிதாக வந்திருக்கிற தலைமையாசிரியை. எங்களை யாரென்றே தெரியாது. ஏன் பாதியில் நின்றாள், கடைசிப் பரீட்சை ஏன் எழுதவில்லை என்று கொஞ்சம் கடிந்துகொண்டார். ஒரு பரீட்சை வைத்துப் பத்தாவதில் எடுத்துக்கொள்கிறேன் என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்கதான் அம்மாவா?" என்று கேட்டார்.

பெரியம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஏஞ்சல், "ஆமா மிஸ்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

நான் மறுக்கவில்லை, செல்வி. அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இத்தனையும் எழுதினேன். எங்கள் வீட்டில் எவ்வளவு பெரிய இடம் காலியாகக் கிடக்கிறது என்று அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்குத் தெரிந்தது. வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்று அழுதேன். வாட்ச்மேன் பார்த்தும் பார்க்காதது போல் கேட்டைச் சாத்தினார்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அறிவியலை மறுபடி எழுதுவேன். தோற்றால் மறுபடியும் எழுதுவேன். உன் பிள்ளை பத்தாவதோடு நிற்க மாட்டாள். வெளியில் யார் கேட்டாலும் அவள் இஷ்டப்படி என்னை அம்மா என்று சொல்லிக்கொள்ளட்டும். வீட்டில் சோறு போடும்போது மட்டும், "உங்கம்மா செல்வி" என்று தினமும் ஒரு முறையாவது சொல்லி, உன்னை அவளிடமே விட்டுவிட்டுத்தான் எழுவேன்.

ஏஞ்சலுக்கு என்றைக்கும் பெரியம்மாவாகவே இருக்கப்போகிற,
உன் லூர்து அக்கா